பள்ளிக்கூடம் கட்டிய பாட்டு



சில ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலையில் கோலா தெர்லாவுக்கு ஒரு கோயில் திருவிழாவுக்காகப் போயிருந்தேன். பிற்பகல் மழை விட்டு, மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு வீட்டு வாசலில் வயதான பாட்டி ஒருவர் பேரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் கேட்டபோதுதான் அது தேயிலைக் காட்டுத் தெம்மாங்கு என்று தெரிந்தது. கொழுந்துக் கூடை, கங்காணி, விட்டுவந்த ஊர் எல்லாம் அதில் வந்தன. "இன்றைக்கு இரவு மேடையில் இதைப் பாடுங்களேன், பாட்டி" என்றேன். பாட்டி சிரித்துவிட்டார். "அது லயத்துப் பாட்டு தம்பி. மேடைக்கு ஆகாது" என்றார். பக்கத்தில் நின்ற பெரிய பேத்திக்கோ வெட்கம் தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிரவு மேடையில் சினிமாப் பாட்டுகள் நள்ளிரவு வரை ஒலித்தன.

ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளும் தங்கள் பெற்றோரின் பாட்டைப் பற்றி இதே எண்ணத்தைத்தான் கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன செய்தார்கள், அந்தப் பாட்டு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி, புகையிலை, கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றில் பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்கள் சந்ததியாரும். 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40 லட்சம் பேர் அங்கே அடிமைகளாக இருந்தனர். நம் முன்னோரும் தோட்டத்துக்கு வந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் வந்தவர்கள். அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. எனினும் அடிமை என்பது வேறு. அடிமையின் குழந்தை பிறக்கும்போதே எசமானின் சொத்து. தாயை ஒருவனுக்கும் பிள்ளையை வேறொருவனுக்கும் ஏலத்தில் விற்கலாம். இரண்டையும் ஒன்றென்று பேசிவிடுவது இரு சாராருக்கும் நியாயம் செய்வதாகாது. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. புத்தகம் மறுக்கப்பட்ட அந்த மக்களிடம் பாட்டு மட்டும் இருந்தது. விவிலியக் கதைகளை வாய்வழியாகக் கேட்டு, எகிப்து மன்னனிடமிருந்து தப்பிய யூதர்களின் கதையைத் தங்கள் கதையாகவே எண்ணிப் பாடினார்கள். பகலில் வயலில் பாடினார்கள். இரவில் எசமானுக்குத் தெரியாமல் காட்டுக்குள் கூடியும் பாடினார்கள். ஒருவர் முதலடி எடுக்க மற்றவர்கள் பின்னடி வாங்கிப் பாடும் முறை அது. தெம்மாங்கிலும் கும்மியிலும் நாம் அறிந்த முறைதான்.

1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அந்த ஆண்டு இறுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அடுத்த மாதமே, 1866 ஜனவரியில், டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் விடுதலை பெற்ற மக்களுக்காக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. போர்க்காலத்து இராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளே அதன் கட்டடம். உதவி செய்த தளபதி கிளிண்டன் ஃபிஸ்க் என்பவரின் பெயரால் ஃபிஸ்க் பள்ளி என்று அழைக்கப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயது முதியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். நகரின் பழைய அடிமைச் சந்தையில் துருப்பிடித்துக் கிடந்த விலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பாக விற்று, அந்தக் காசில் அரிச்சுவடி வாங்கினார்கள் என்று அப்பள்ளியின் வரலாறு கூறுகிறது.

அப்பள்ளிக்கு 1868இல் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் எல்லா ஷெப்பர்ட், வயது பதினேழு. கையிலிருந்தது ஆறு டாலர். அவள் கொண்டுவந்த பெட்டி அத்தனை சிறியது. பையன்கள் அதைப் பலகாரப் பெட்டி என்று கேலி செய்தார்களாம்.

எல்லாவின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். அவள் பிறந்தது 1851இல், நாஷ்வில் பக்கத்தில். தகப்பனார் சைமன் கூடுதல் வேலை செய்து காசு சேர்த்து, 1,800 டாலர் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி விடுதலையானவர். பிறகு 350 டாலர் கொடுத்துத் தம் மகளையும் வாங்கினார். பெற்ற மகளைத் தகப்பன் விலைக்கு வாங்க வேண்டியிருந்த காலம் அது! மனைவியையும் வாங்க எண்ணியிருந்தார். முதலில் ஒப்புக்கொண்ட எசமானி அம்மாள் பிறகு சொல் மாறினாள். தாய் அடிமையாகவே தங்க, சிறுமி எல்லா தந்தையோடு போனாள். கடன்காரர்களுக்குப் பயந்து தந்தையும் மகளும் சின்சினாட்டி நகருக்கு ஓடிப்போனார்கள். பியானோ கற்றுக்கொள்ள அவளுக்கு ஆசை. ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் கற்றுக்கொடுக்க இசைந்தார். ஆனால் அவள் இரவில், பின்வாசல் வழியாக, யாருக்கும் தெரியாமல் வந்துபோக வேண்டும் என்று நிபந்தனை போட்டார். தகப்பனார் காலராவில் இறந்துபோனார். வாழ்வைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில்தான் அவள் ஃபிஸ்க் பள்ளிக்கு வந்தாள். அவளுடைய இசை ஞானத்தைக் கண்டு அவளையே இசை கற்பிக்கும் உதவி ஆசிரியையாக வைத்துக்கொண்டார்கள். அப்பள்ளியின் முதல் கறுப்பின ஆசிரியர் அவள்தான்.

பள்ளியின் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளையர். கொல்லன் மகன், போரில் வடவர் படையில் நின்றவர். இசையை முறையாகக் கற்றவர் அல்லர். ஆனால் கேள்வி ஞானம் மிகுந்தவர். ஓய்வு நேரத்தில் மாணவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். பாட்டு என்றால் வெள்ளையர் சபைகளில் பாடப்படும் நாகரிகப் பாட்டு. அடிமைக் காலத்துப் பாட்டுகளை மாணவர்கள் வெளியில் பாடுவதே இல்லை. பின்னாளில் எல்லாவே இதைப் பற்றி எழுதியிருக்கிறாள். அந்தப் பாட்டுகள் மறக்க வேண்டிய இருண்ட நாட்களை நினைவூட்டின. அதே சமயம் தாய் தந்தையர் கடவுளிடம் அழுத புனிதமான பாட்டுகளாகவும் இருந்தன. வெட்கம் ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வாயைக் கட்டின. கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு, எல்லாவின் அறையில் கூடித் தாழ்ந்த குரலில் பாடிக்கொள்வார்களாம். ஒயிட் எப்படியோ கேட்டுவிட்டார். கேட்டவர் விடவில்லை.

1871ஆம் ஆண்டு பள்ளி மூடப்படும் நிலைக்கு வந்தது. கொட்டகைகள் உளுத்துவிட்டன, கடன் ஏறிவிட்டது, பிள்ளைகளுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. மாணவர்களை அழைத்துக்கொண்டு வடக்கே போய்ப் பாடிப் பணம் திரட்டலாம் என்றார் ஒயிட். பள்ளியை நடத்திய சபையார் ஆதரவு தரவில்லை. கஜானாவில் மிச்சமிருந்த 40 டாலரை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார் என்பார்கள்.

1871 அக்டோபர் 6ஆம் நாள் நாஷ்விலில் ரயில் ஏறிய பாடகர்கள் ஒன்பது பேர். எல்லா ஷெப்பர்ட், மேகி போர்ட்டர், ஜென்னி ஜாக்சன், மின்னி டேட், எலைசா வாக்கர் ஆகிய பெண்கள் ஐவர். தாமஸ் ரட்லிங், பெஞ்சமின் ஹோம்ஸ், ஐசக் டிக்கர்சன், கிரீன் எவன்ஸ் ஆகிய ஆண்கள் நால்வர். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தாமஸ் ரட்லிங்குக்கு நினைவு தெரிந்த முதல் காட்சியே, தம் தாயை வேறிடத்துக்கு விற்று இழுத்துக்கொண்டு போனதுதான். பெஞ்சமின் ஹோம்ஸ் சிறுவனாக இருந்தபோது கடைப்பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவர். அடிமைச் சந்தையின் கொட்டடியில் அடைபட்டிருந்தபோது, லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தைத் தம்மோடு அடைபட்டிருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் அவர்.

அவர்கள் பாடிய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பஜனையில் பத்துப் பேர் பாடினாலும் எல்லாரும் ஒரே மெட்டை ஒரே சுரத்தில்தான் பாடுவோம். இவர்கள் பாடியது சேர்ந்திசை. ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பெண்களில் சிலர் உச்சத்தில் எடுப்பார்கள். சிலர் அதற்குக் கொஞ்சம் கீழே. ஆண்களில் சிலர் நடுவில். சிலர் அடிவயிற்றிலிருந்து மந்திரத்தில். சுரம் வெவ்வேறு; ஆனால் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். நாதஸ்வரத்தோடு ஒத்து சேர்ந்து ஒலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒத்தும் அசையாமல் நிற்காமல் தனக்கென்று ஒரு வழியில் நடந்தால் எப்படியிருக்கும், அப்படி. ஒயிட் இவர்களை மெல்லப் பாடப் பழக்கினார். ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு இறங்கிப் பாடி, அங்கிருந்து ஏறுவார்கள். பியானோ பக்கத்தில் எல்லா இருந்தாலும் பல பாட்டுகளுக்கு வாத்தியமே கிடையாது.

தொடக்கம் சோதனையாகவே இருந்தது. அந்நாளில் அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போல நடித்துக் கேலிக்கூத்து ஆடுவது வழக்கம். இவர்களும் அப்படித்தான் சிரிக்க வைப்பார்கள் என்று பலர் வந்தார்கள். நாகரிகப் பாட்டைப் பாடியதும் ஏமாந்து போனார்கள். விடுதிகள் இடம் தர மறுத்தன. குளிர்காலம் நெருங்கியும் சரியான மேலங்கி இல்லை. அந்த வாரத்தில்தான் சிகாகோ நகரம் பெருந்தீயில் எரிந்தது. இவர்களுக்கு அப்போது கிடைத்திருந்த வசூல் 50 டாலருக்கும் குறைவு. அதை அப்படியே சிகாகோ மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளியை மீட்கக் கிளம்பியவர்கள் கைக்காசையும் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கொலம்பஸ் நகரில் ஒயிட் குழுவுக்கு ஒரு பெயர் வைத்தார்: ஜூபிலி பாடகர்கள். யூதர்களின் வேதத்தில் ஐம்பதாம் ஆண்டு ஜூபிலி ஆண்டு. அந்த ஆண்டில் அடிமைகள் விடுதலையாவார்கள். பெயருக்கு அதுதான் பொருள்.

திருப்பம் ஓபர்லின் என்ற ஊரில் வந்தது. 1871 நவம்பரில் அங்கே சபைக் குருமார்களின் பெரிய மாநாடு நடந்தது. இடைவேளையில் பாட இவர்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே அவர்கள் நாகரிகப் பாட்டைப் பாடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாடிய அந்தப் பழைய பாட்டை மெல்ல எடுத்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மண்டபம் அடங்கியது. பலர் கண்ணீர் விட்டார்கள். அதன் பிறகு நிகழ்ச்சி தலைகீழாக மாறிவிட்டது: கடைசியில் ஒட்டுப்போட்ட அடிமைப் பாட்டுகள் முதலிடத்துக்கு வந்தன, நாகரிகப் பாட்டுகள் பின்னுக்குப் போயின.

டிசம்பரில் நியூயார்க் பக்கத்துப் புரூக்ளினில் ஹென்றி வார்ட் பீச்சர் என்னும் புகழ்பெற்ற போதகரின் சபையில் பாடினார்கள். அதன்பின் கூட்டத்துக்குக் குறைவில்லை. 1872 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்பு பாடினார்கள். முதல் பயணத்திலேயே 20,000 டாலர் பள்ளிக்குச் சேர்ந்தது. 1873இல் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் பாடினார்கள். பிரதமர் கிளாட்ஸ்டன் வீட்டு விருந்தில் சமமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சொந்த நாட்டில் விடுதிக்காரன் கதவைச் சாத்தினான் என்பதையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்தப் பணத்தில் நாஷ்விலில் 25 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதன்மேல் ஆறு மாடியில் ஜூபிலி மண்டபம் எழுந்தது. 1876 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் கல்விக்கென்று எழுந்த முதல் நிரந்தரக் கட்டடம் அதுவே என்பார்கள். இன்றும் அது நிற்கிறது. ஏழு ஆண்டுகளில் அவர்கள் பாடிச் சேர்த்த தொகை மொத்தம் 1,50,000 டாலர் அளவு. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அறிஞர் டுபாய்ஸ் 1885இல் அப்பள்ளிக்கு மாணவராக வந்தார். 1903இல் அவர் எழுதிய நூலின் கடைசிக் கட்டுரை முழுவதும் இந்தப் பாட்டுகளைப் பற்றியதே.

ஆனால் வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. பள்ளி பிழைத்தது; பாடியவர்கள் என்ன ஆனார்கள்? ஓய்வில்லாத பயணமும் குளிரும் பல உடல்களைத் தின்றன. பெஞ்சமின் ஹோம்ஸ் காசநோயால் 1875இல் இறந்துபோனார். ஜூபிலி மண்டபம் திறந்ததை அவர் பார்க்கவில்லை. ஒயிட்டின் மனைவி பயணத்தின் நடுவே ஸ்காட்லாந்தில் 1874இல் காய்ச்சலில் இறந்தார். ஒயிட்டின் உடலும் கெட்டது. 1878இல் ஜெர்மனியில் குழு கலைந்தபோது எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். டிக்கர்சன் பிரிட்டனிலேயே தங்கிப் படித்துப் போதகரானார். ரட்லிங் இங்கிலாந்தில் ஹாரோகேட் நகரில் வாழ்ந்து 1915இல் அங்கேயே மறைந்தார். படிப்பதற்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள், படிப்பைப் பாதியில் விட்டுத்தான் பின்னால் வருகிறவர்களின் படிப்புக்காகப் பாடினார்கள். அந்தக் கணக்கை எந்த வசூல் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எல்லா ஷெப்பர்டோ போர் முடிந்த பின் தாயைத் தேடிக் கண்டுபிடித்தாள். நாஷ்விலில் வீடு கட்டித் தாயைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அடிமைக் காலத்துப் பாட்டுகளைத் திரட்டிக் காப்பதிலும் முன்னின்றாள். 1914இல் அவள் மறைந்தாள்.

இனி இந்தப் பாட்டு நம் பக்கம் வந்த கதை. குழு கலைந்த பின் அதைப் புதிதாகக் கட்டியவர்களில் ஒருவர் ஃபிரடெரிக் லவுடின். மந்திர ஸ்தாயியில் பாடுகிறவர், ஓஹையோ மாநிலத்தில் அடிமையாக அல்லாமல் பிறந்தவர், தன்மானம் மிகுந்தவர். 1884இல் அவர் தலைமையில் புறப்பட்ட குழு ஆறு ஆண்டுகள் உலகைச் சுற்றியது. 1886இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. அங்கே முர்ரே ஆற்றங்கரையில் மாலோகா என்றொரு குடியிருப்பு. நிலத்தை வெள்ளையரிடம் பறிகொடுத்த யோர்ட்டா யோர்ட்டா என்னும் பூர்வகுடி மக்களை அங்கே ஒரு போதகர் வைத்துப் பராமரித்து வந்தார். லவுடின் குழுவினர் அங்கே போய் அவர்களுக்காகப் பாடினார்கள். பாடியவர்களின் மொழி வேறு, ஊர் வேறு. ஆனாலும் கேட்டவர்கள் அழுதார்கள்.

நேயர்களே, அப்போது மாலோகாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். பிறந்தது 1859இல், மொரிஷியஸ் தீவில். அவருடைய தகப்பனார் மதராஸிலிருந்து அத்தீவுக்குப் போன துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். மொரிஷியஸ் எப்படிப்பட்ட இடம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிமைகளுக்குப் பதிலாக 1834 முதல் இந்தியக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கிய கரும்புத் தீவு அது. அந்தத் தீவில் பிறந்தவர் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தம்மை ஒப்படைத்துவிட்டார். 1885இல் அம்மக்களிடையே ஏடா கூப்பர் என்ற பெண்ணை மணந்துகொண்டார். 1888இல் மக்கள் கம்மரகுஞ்சா என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் உடன்போய், 1922 வரை அங்கே கற்பித்தார். அவர் மைத்துனர் வில்லியம் கூப்பர் வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, 1930களில் பூர்வகுடிகளின் உரிமைக்குச் சங்கம் கண்டவர். அவருடைய மாணவர் டக் நிக்கல்ஸ் 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார்.

அமெரிக்கப் பருத்திக் காட்டில் பிறந்த பாட்டும், மதராஸ் துபாஷியின் மகனும், நிலமிழந்த பூர்வகுடிகளும் ஒரே ஆற்றங்கரையில் சந்தித்தது அந்த 1886இல். எகிப்து மன்னனின் சேனை கடலில் மூழ்கியதைப் பாடும் அடிமைப் பாட்டு ஒன்று யோர்ட்டா யோர்ட்டா மொழிக்கு மாறி, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று வாய்வழியாக வாழ்ந்து வந்தது. ஆங்கிலமே பேச வேண்டும் என்ற கட்டாயத்தில் அம்மொழியின் எத்தனையோ சொற்கள் வழக்கொழிந்த காலத்திலும் இந்தப் பாட்டு நின்றது. 2012இல் வந்த தி சபையர்ஸ் என்ற ஆஸ்திரேலியத் திரைப்படத்தில் அதைக் கேட்கலாம்.

பயணத்தின் பிற்பகுதியில் லவுடின் குழு இந்தியாவுக்கும் வந்தது. ஆக்ராவில் தாஜ்மகாலுக்குள் நின்று பாடியது. அந்தக் குவிமாடம் குரலைப் பிடித்து நெடுநேரம் சுழலவிடும். அங்கே ஓர் அடிமைப் பாட்டு ஒலித்தது என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது. பிறகு ஜப்பான் வழியாக 1890இல் தாயகம் திரும்பினார்கள்.

1909இல் ஃபிஸ்க் மாணவர் நால்வர் குழு பாடியது இசைத்தட்டில் பதிவாயிற்று. அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் நால்வர் குழுக்கள் பெருகின. 1930களில் வானொலியிலும் இசைத்தட்டிலும் பெரும்புகழ் பெற்ற மில்ஸ் சகோதரர்கள் நால்வரும் இந்தச் சேர்ந்திசை மரபில் வந்தவர்களே. அவர்கள் தகப்பனார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் வாயாலேயே எக்காளம் போலவும் டியூபா போலவும் ஒலியெழுப்புவார்கள். ஒரு கிதாரைத் தவிர வேறு வாத்தியம் இல்லை என்று இசைத்தட்டின்மேல் அச்சிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் யாரும் நம்பவில்லை.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர்களைக் கூட்டிச் சேர்ந்திசைக் குழு ஒன்றை அமைத்தார். பாரதியார் பாடல்களைப் பல குரல்கள் பல சுரங்களில் இணைந்து பாடும் வகையில் அமைத்துக் காட்டினார். வானொலி வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழக்கினார். 1988இல் அவர் மறைந்த பின்னும் அவரிடம் கற்றவர்கள் தொடர்ந்து பாடிவந்தார்கள். ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் கவிஞர்களின் பாட்டுகள். தேயிலைக் காட்டிலும் ரப்பர்க் காட்டிலும் பிறந்த தெம்மாங்கைச் சேர்ந்திசையாக யாரேனும் பாடி நான் கேட்டதில்லை. கோலா தெர்லாப் பாட்டியிடம் மறுநாள் காலை மீண்டும் போனேன். மேடை இல்லாததாலோ என்னவோ, இரண்டு பாட்டுகளை முழுதாகவே பாடினார். பேத்தி இம்முறை முகத்தைத் திருப்பவில்லை. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஓரடி பாட்டிக்கு மறந்துபோக, அந்த அடியை அவளே எடுத்துக்கொடுத்தாள்.

ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி பாடகர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறை மாணவர்களும் மாறி மாறி வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டைக் கொண்டாடிய அவர்களுடைய இசைத்தட்டுக்கு 2021இல் கிராமி விருது கிடைத்தது. ஒவ்வோர் அக்டோபர் 6ஆம் நாளும் அவர்கள் நாஷ்விலில் உள்ள பழைய பாடகர்களின் கல்லறைகளுக்குப் போய், சுற்றி நின்று அந்தப் பாட்டுகளைப் பாடிவிட்டுத் திரும்புகிறார்கள்.